கலைக்கூடத்துக்குள் போகாத கல்லூரி வாத்தியார்கள்

நம்ம தஞ்சாவூரில் கல்லூரிகளுக்குக் குறைவே இல்லை. அரசர் பெயரில் ஒன்று, அவர் காலத்துக்கு எண்ணூறு வருஷம் முந்திய இளவரசி பெயரில் ஒன்று, மருத்துவக் கல்லூரி, வல்லம் பக்கம் போனால் வரிசையாகப் பொறியியல் கல்லூரிகள், தமிழுக்கென்றே 1981-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். இத்தனைக்கும் நடுவில், பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடந்தே போய்விடுகிற தூரத்தில், அரண்மனைக்குள் 1951 முதல் ஒரு கலைக்கூடம் இருக்கிறது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பார்ப்பதற்கென்றே கடல் தாண்டி வருகிறார்கள். பாரிஸிலிருந்து வந்தவர் காலையில் போய் மதியம் வரை நிற்கிறார். நம்ம ஊர்க் கல்லூரியில் முப்பது வருஷம் பாடம் நடத்திவிட்டு ரிடையர் ஆகிறவர், கடைசியாக உள்ளே போனது எப்போது என்று கேட்டால், "பெரியவளுக்குக் கல்யாணம் ஆன புதுசுல மாப்பிள்ளை வீட்டாரை அழைச்சுண்டு போனேன்" என்கிறார்.

மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. வாத்தியார் கூட்டிக்கொண்டு போகாத இடத்துக்கு அவர்கள் ஏன் போகப் போகிறார்கள்? நான் குறை சொல்வது என் சொந்த ஜாதியை, அதாவது கல்லூரி ஆசிரியர் ஜாதியை. வகுப்பறைக்குப் பக்கத்திலேயே இவ்வளவு பெரிய பாடப்புத்தகம் திறந்து கிடக்கும்போது, ஜெராக்ஸ் நோட்ஸை டிக்டேட் செய்து காலம் தள்ளுவது சோம்பேறித்தனம். அதற்கு 'போர்ஷன்' என்று ஒரு மரியாதையான பெயர் வைத்திருக்கிறோம்.

நான் வேதியியல் வாத்தியார். "உமக்கும் சிலைக்கும் என்ன ஓய் சம்பந்தம்?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டவர்கள் உண்டு. சம்பந்தத்தைச் சொல்கிறேன்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் ஒரு ரசாயனக் கூடம் தொடங்கினார்கள். எஸ். பரமசிவன் என்ற நம்மவர் அங்கே உட்கார்ந்து, மண்ணுக்குள் கிடந்து பச்சை பூத்துப்போன திருமேனிகளை மின்பகுப்பு முறையில் மீட்டெடுத்தார். மின்பகுப்பு என்றால் பிளஸ் டூ பையனுக்குக்கூடத் தெரியும்: இரண்டு மின்முனை, ஒரு கரைசல், ஒரு சமன்பாடு, ஐந்து மார்க். அதே சமன்பாடு ஒரு நடராஜரின் முகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது என்று நம்மில் எத்தனை பேர் சொல்லிக்கொடுத்தோம்? வெண்கலத்துக்கு ஒரு நோய் உண்டு. மண்ணில் இருக்கும் குளோரைடு உலோகத்துக்குள் புகுந்துவிட்டால், ஈரமும் காற்றும் பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கத் தொடங்கும். துடைத்தால் போகாது, உள்ளே தின்றுகொண்டே இருக்கும். அதற்கு எதிராக, நல்ல பச்சைப் படலம் ஒன்றும் உண்டு. அது உலோகத்தைக் காக்கும். இரண்டு பச்சைக்கும் வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்தால் ஒரு மணி நேரத்தில் மறந்துபோகும். சிலைக்கு முன்னால் நின்று ஒரு தடவை தேடிப் பார்த்தவனுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

இயற்பியல்காரருக்கும் வேலை இருக்கிறது. சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சோழர் காலத்து உற்சவத் திருமேனிகளும் இப்படி வார்த்தவைதான். உள்ளே கூடு கிடையாது, முழுக்க உலோகம். எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெழுகை நிறுத்துப் பார்த்தால் போதும். மெழுகின் அடர்த்தி தண்ணீருக்குச் சற்றுக் குறைவு. வெண்கலத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல எட்டே முக்கால் மடங்குக்குப் பக்கம். ஆகவே ஒரு கிலோ மெழுகுக்கு ஏறத்தாழ ஒன்பது கிலோ உலோகம். அடர்த்திப் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எந்த கைடில் இருக்கிறது?

கணக்கு வாத்தியாருக்குத் தாளமானம் இருக்கிறது. சிவனுக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம். தேவிக்கு மத்திம தசதாளம், 120. இந்த அங்குலம் ஸ்கேலில் இருக்கிற இஞ்ச் கிடையாது. உருவத்தின் உயரத்தையே வகுத்துப் பெறுகிற அளவு. சிலை சாண் உயரமோ ஆள் உயரமோ, விகிதம் மாறாது. மாணவர்களை நேராக முன்னால் நின்று படம் எடுக்கச் சொல்லி, முகம், மார்பு, தொடை, முழங்கால் என்று படத்திலேயே அளந்து, சாஸ்திரம் சொல்கிற விகிதத்துக்கு எவ்வளவு பக்கத்தில் ஸ்தபதி நின்றார், எங்கே துணிந்து விலகினார் என்று பார்க்கச் சொல்லலாம். விகிதமும் பிழைவீதமும் ஒரே நாளில் முடியும்.

மருத்துவக் கல்லூரிக்காரர்கள் சிரிப்பார்கள், தெரியும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் வளாகத்திலேயே ஒரு கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இர்வின் பிரேவர்மன் என்ற தோல் மருத்துவப் பேராசிரியர், தம் மாணவர்களை அந்த அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். ஆளுக்கு ஓர் ஓவியம். பேர், காலம் எதையும் பார்க்காமல், கண்ணில் படுவதை மட்டும் பார்த்து, பிறகு அதை வாயால் விவரிக்க வேண்டும். "சோகமாக இருக்கிறாள்" என்று முடிவு சொல்லக் கூடாது. எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், கண் இமையா, உதட்டின் ஓரமா, அதைச் சொல். பிறகு நோயாளிகளின் படங்களைக் காட்டிச் சோதித்தபோது, இந்தப் பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் கூடுதலாகக் கவனித்தார்கள். 2001-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே அது வெளிவந்தது. நம் டாக்டர்கள் நாம் உட்காருவதற்குள் ஸ்கேன் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். முகத்தை நிமிர்ந்து பார்க்கிற டாக்டரை நினைவுபடுத்திப் பாருங்கள். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

கற்பிக்கிற இடமும் காட்சிக்கூடமும் ஒன்றாக இருப்பது புதுசும் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் 1683-இல் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் திறந்தபோது, மேலே காட்சிப் பொருள், நடுவில் பாடம் நடத்தும் கூடம், கீழ்த்தளத்தில் ரசாயனச் சாலை. மூன்றும் ஒரே கட்டடத்தில்! நம் நாட்டிலேயே காசி இந்துப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் பாரத் கலா பவன் இருக்கிறது. ராய் கிருஷ்ணதாஸ் ஆயுள் முழுக்கச் சேர்த்த செல்வம், 1950-இல் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அமெரிக்காவில் ஓபர்லின் கல்லூரியில் 1940 முதல், மாணவர்களுக்கு ஓவியங்களையே வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பிக்காஸோவை ஹாஸ்டல் அறையில் ஒரு பருவம் மாட்டி வைத்துக்கொள்ளலாம். அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை. திருவெண்காட்டுச் சிவனை ஹாஸ்டலுக்கு அனுப்பச் சொன்னால் என்னைத்தான் பிடித்து உள்ளே வைப்பார்கள்.

சரி, போனால் என்ன செய்வது? இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். அறுபது பேரை பஸ்ஸில் ஏற்றி, வரிசையில் விட்டு, இருபது நிமிஷத்தில் மறு வாசல் வழியாகக் கொண்டுவந்து, சரபோஜி சிலைக்கு முன்னால் குரூப் போட்டோ. அடுத்த ஸ்டாப் பெரிய கோயில், அப்புறம் சாப்பாடு. 'கல்விச் சுற்றுலா' என்று பேனர் வேறு. ஆட்டு மந்தை கூட நடுவில் நின்று ஏதாவது மேயும்.

நான் வேலை பார்த்த கல்லூரியில் மூன்று நாள் கொடைக்கானல் டூருக்கு ஒரே நாளில் கையெழுத்து ஆயிற்று. அதே மாதம், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கலைக்கூடத்துக்கு அரை நாள் கேட்டு எழுதினேன். கடிதம் பதினோரு நாள் மேஜை மேஜையாகச் சுற்றியது. கடைசியில் கூப்பிட்டு, "என்ன சார், இது ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் விஷயமாச்சே, கெமிஸ்ட்ரிக்கு எதுக்கு? பேரண்ட்ஸ் கன்சென்ட் வாங்கினீங்களா?" என்றார்கள். கொடைக்கானல் எந்த டிபார்ட்மென்ட் விஷயம் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை, பென்ஷன் பேப்பர் நகர வேண்டிய வருஷம் அது. ஒரு சனிக்கிழமை காலை, வருகிறவர்கள் வரலாம் என்றேன். பதினான்கு பேர் வந்தார்கள்.

அன்றைக்கு ஒரே ஒரு சிலைதான். திருவெண்காட்டு ரிஷபவாகன மூர்த்தி. 1950-களின் தொடக்கத்தில் திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த திருமேனிகளில் ஒன்று. கோயில் கல்வெட்டை வைத்து 1011-ஆம் ஆண்டு என்று காலம் சொல்கிறார்கள். ராஜராஜனின் இருபத்தாறாம் ஆட்சியாண்டு. இதையெல்லாம் நான் அவர்களிடம் முதலில் சொல்லவில்லை. பேர்ப் பலகையைப் பார்க்காதீர்கள், பத்து நிமிஷம் பேசாமல் பாருங்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்றேன். மூன்றாம் நிமிஷத்தில் நெளிந்தார்கள். ஐந்தாம் நிமிஷத்தில் ஒருத்தன் போனை எடுத்தான், முறைத்தேன், வைத்தான். ஆறாம் ஏழாம் நிமிஷத்துக்கு மேல்தான் பென்சில் ஓடத் தொடங்கியது. தலையில் கிரீடம் இல்லை, சடையையே தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கிறது, அதில் பாம்பு. ஒரு காலைக் குறுக்கே போட்டு நிற்கிறார். ஒரு கை எதன்மேலோ சாய்ந்த மாதிரி மடங்கி நிற்கிறது, ஆனால் கீழே ஒன்றும் இல்லை.

பின்வரிசையில், வகுப்பில் மூன்று வருஷமாக வாயே திறக்காத ஒரு பெண், "சார், இவர் எது மேலயோ சாஞ்சுண்டிருக்கார். அது எங்க சார்?" என்றாள். இன்னொருவன், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பையன், வீட்டில் மாடு வைத்திருப்பவன், "மாடு சார்! மாட்டு மேல கை போட்டா இப்படித்தான் இருக்கும்" என்று தன் கையைத் தூக்கிக் காட்டினான்.

அவ்வளவுதான். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. அந்தக் காளை எங்கே போயிற்று, தனியாக வார்த்தார்களா, சேர்த்து வார்த்தார்களா, மண்ணிலேயே கிடக்கிறதா, உருக்கிவிட்டார்களா, யார் புதைத்தார்கள், எதற்குப் பயந்து? எனக்கு விடை தெரியாத கேள்விகள் பாதி. இல்லாத ஒன்றை இருப்பதை வைத்து ஊகிப்பதுதான் விஞ்ஞானம் என்று நான் முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அணுவையும் எலக்ட்ரானையும் வேறு எப்படித் தெரிந்துகொண்டோம்? காளை அதை ஒரு நிமிஷத்தில் நடத்திக் காட்டியது.

"எல்லாம் கூகுள்ல இருக்கே சார்" என்பார்கள். இருக்கிறது; முன்பக்கம் மட்டும். பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தால் இடுப்பின் வளைவு மாறுவதும், முதுகில் ஸ்தபதி எடுத்துக்கொண்ட சிரத்தையும் போனில் தெரியாது. உற்சவருக்குப் பட்டும் பூவும் சார்த்தினால் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் செய்திருக்கிறார். அந்த ஒரு கேள்வியை வைத்துத் தமிழ் வாத்தியார் ஒரு கட்டுரை எழுதச் சொல்லலாம். திருவெண்காட்டை மூவருமே பாடியிருக்கிறார்கள். பதிகத்தை வகுப்பில் படித்துவிட்டு வந்து நின்றால், சொல்லில் இருப்பது எது, உலோகத்தில் இருப்பது எது என்று பையன்களே பேசுவார்கள். சிலர் கை கூப்பினார்கள் என்றால் கூப்பட்டும். வழிபாட்டுக்காகச் செய்ததுதானே அது? கும்பிடுகிறவனும் அளக்கிறவனும் ஒரே பையனாக இருப்பதில் எனக்கு ஒரு சங்கடமும் தெரியவில்லை.

"அறுபது பேரை வைத்துக்கொண்டு எப்படி?" என்கிற கேள்வி மட்டும் நியாயமானது. பதினைந்து பதினைந்தாக நான்கு சனிக்கிழமை. ஆசிரியருக்கு நான்கு சனிக்கிழமை போகும், உண்மைதான். யூ.ஜி.சி. சம்பளம் வந்த பிறகு அதைக்கூடக் கொடுக்க முடியாது என்றால் நான் என்ன சொல்ல?

வாத்தியார் பார்க்கத் தவறினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டு வழியில், நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருக்கிறது என்று 1931-இல் கண்டு சொன்னவர் எஸ். கே. கோவிந்தசாமி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். ஒரு காலேஜ் வாத்தியார்! அவருக்கும் போர்ஷன் இருந்திருக்கும்.

இரண்டாவது, திருட்டு. ஸ்ரீபுரந்தான் நடராஜர் நமக்கு எட்டின தூரத்து ஊர்க்காரர், அரியலூர் மாவட்டம். களவுபோய், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி வைத்திருந்தது. 2014-இல் திரும்பி வந்தார். அவர் நம்மவர்தான் என்று நிரூபிக்க உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பல வருஷங்களுக்கு முன்பே ஊர் ஊராகப் போய் எடுத்து வைத்த போட்டோ. பத்தூர் நடராஜர் வழக்கிலும் லண்டன் நீதிமன்றத்தில் சிலையின் உலோகமும் அதில் ஒட்டியிருந்த மண்ணும் விசாரணைக்கு வந்தன. 1991-இல் நம் பக்கம் தீர்ப்பாகித் திரும்பியது. சட்டக் கல்லூரியில் இதை நடத்தினால் தெய்வத்துக்குச் சொத்துரிமை உண்டா என்ற கேள்வியை ஒரு வாரம் பேசலாம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இத்தனை கல்லூரிகள் இருந்தும், அவற்றில் ஒன்றாவது தன் மாணவர்களை அனுப்பிப் பக்கத்துக் கிராமத்துக் கோயில் திருமேனிகளை அளந்து, வரைந்து, எழுதி வைத்திருந்தால், எத்தனை களவு அன்றைக்கே தெரிந்திருக்கும்! பார்க்கப் பழகாத ஊரில், காணாமல் போனதுகூடக் கண்ணில் படாது.

கலைக்கூடத்தார் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பேர்ப் பலகையில் இரண்டு வரிக்கு மேல் இல்லை. உட்கார்ந்து எழுத ஒரு ஸ்டூல் கிடையாது. என் மாணவர்கள் நோட்டைச் சுவரில் வைத்து எழுதினார்கள், காவலர் ஒருவர் வந்து அதட்டினார். தப்பு அவருடையதும் இல்லை. பத்து நிமிஷம் ஒரே சிலைக்கு முன்னால் நிற்கிற உள்ளூர்க் கூட்டத்தை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. சந்தேகம் வந்துவிட்டது. பாடம் நடத்த வருகிற ஆசிரியருக்குக் கட்டணம் வாங்காதே, பத்து மடக்கு நாற்காலி போடு, வாரத்தில் ஒரு காலை நேரத்தைக் கல்லூரிகளுக்கென்று ஒதுக்கு, கோயில் கல்வெட்டு சொல்வதைச் சிலைக்குப் பக்கத்தில் நல்ல தமிழில் எழுதி வை. கோடி ரூபாய்த் திட்டம் எதுவும் கேட்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ஓய்வு பெற்ற வாத்தியார்கள். மீதிப் பேருக்கு மகனோ மருமகளோ எங்காவது உதவிப் பேராசிரியர். அவர்களிடம் சொல்லுங்கள்: இந்த செமஸ்டரில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சிலை. எந்தப் பாடமாக இருந்தாலும் சரி. முதலில் தனியாகப் போய் ஒரு மணி நேரம் தாங்கள் பார்த்துவிட்டு வரட்டும். ஹார்வர்டில் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் என்கிற கலை வரலாற்றுப் பேராசிரியை தன் மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன்னால் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்கிறார். ஒரு மணி நேரத்தில் யாரும் செத்துவிட மாட்டார்கள். அனுமதிக் கடிதம் எப்படி எழுதுவது என்று தயங்கினால், அரைப் பக்கத்தில் ஒரு மாதிரி என்னிடம் இருக்கிறது. பதினோரு நாள் சுற்றிய அதே கடிதம்தான். 'கெமிஸ்ட்ரி' என்று வருகிற இடத்தில் அவரவர் டிபார்ட்மென்ட் பேரைப் போட்டுக்கொள்ளலாம்.